மழைக்கு முன்னால் இன்னொரு நகல்: கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பேரிடர் மேலாண்மைப் பிரிவு அலுவலர்களுக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நீங்கள் செய்யும் ஏற்பாடுகளை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாய்க்கால் தூர்வாருகிறீர்கள், மணல் மூட்டை அடுக்குகிறீர்கள், புயல் பாதுகாப்பு மையங்களைத் தயார் செய்கிறீர்கள். ஆதார், பட்டா, சான்றிதழ்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள் என்றும் சொல்கிறீர்கள். அந்த அறிவிப்பில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்: போனில் இருக்கும் படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் இன்னொரு நகல் எடுத்து, தண்ணீர் வராத வேறு ஊரில் வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்து வந்து நாணமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த சில வாரங்கள் கடைக்கு வந்ததெல்லாம் தண்ணீரில் மூழ்கிய போன்கள்தான். "போன் போனாப் போவுது, உள்ள இருக்கறத மட்டும் எடுத்துக் குடுங்க" என்பதுதான் பெரும்பாலோர் கேட்டது.

ஒரு அம்மாவுக்கு, இறந்துபோன கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் வேண்டும். போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைக் கழற்றினேன். சார்ஜர் சொருகும் இடத்திலிருந்து உள்ளே வரை வண்டல், ஐ.சி. எனப்படும் சிப்புகளின் ஓரமெல்லாம் பச்சை பிடித்திருந்தது. ஈரத்தோடு சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், போர்டு ஷார்ட் ஆகிவிட்டது. அவர் சிம்மை வேறு போனில் போட்டு கூகுள் கணக்கைத் திறந்தோம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் எப்போதோ நிறைந்து, பேக்கப், அதாவது தானாக நகல் எடுப்பது, நின்றிருந்தது. கடைசியாக பேக்கப் ஆன தேதி, அந்தக் குரல் பதிவுகள் வருவதற்கும் முந்தையது. அந்த அம்மா போனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஏன் எடுக்க முடியவில்லை என்று பலருக்கும் புரிவதில்லை. முன்பு போன் செத்தாலும் மெமரி கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டால் படங்கள் வந்துவிடும். இப்போதைய போன்களில் உள்ளே பதிவாவதெல்லாம் பூட்டப்பட்டுத்தான் பதிவாகிறது. அதைத் திறக்கும் சாவி அதே போர்டில் இருக்கிறது. மெமரி சிப்பை மட்டும் கழற்றினால் எதுவும் படிக்க வராது. போர்டுக்கு உயிர் வந்தால்தான் படத்துக்கு உயிர். திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் ஏற்பாடுதான் இது, ஆனால் வெள்ளத்தில் நமக்கே எதிராக நிற்கிறது.

அரசு ஆவணங்கள் தொலைந்தால் வழி இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ்களைத் திரும்பத் தர சிறப்பு முகாம்கள் நடந்தன. இன்று பட்டாவை இணையத்தில் எடுக்கலாம். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் துறைகளே நேரடியாக வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதியே இருக்கிறது. நாமே போட்டோ பிடித்து அதில் ஏற்றுவதற்கு அந்த மதிப்பு கிடையாது, இதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் குழந்தையின் முதல் நடைக்கும், அப்பாவின் குரலுக்கும் எந்த முகாமிலும் நகல் கிடைக்காது. 2004 சுனாமியில் வீட்டோடு ஆல்பமும் போய், இறந்தவர் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் நம் கடற்கரையில் உண்டு. அது இன்னொரு தடவை நடக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு மின்சாரம் வர எவ்வளவு நாள் ஆனது என்பது கடலூர்க்காரர்களுக்கு மறக்காது. டவர் இல்லாதபோது கிளவுடும் இல்லை. சிம் தொலைந்தால் ஓடிபி வராது, டிஜிலாக்கரும் திறக்காது. அதனால் கிளவுடில் ஒன்று, கையில் தொடும்படி பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒன்று என இரண்டும் வேண்டும். பல வீடுகளில் ஹார்ட் டிஸ்க் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது, தண்ணீர் முதலில் தொடுவது அந்த இடத்தைத்தான். பரணில் வைக்கலாம். அதைவிட, விருத்தாசலத்திலோ நெய்வேலியிலோ இருக்கும் அக்கா வீட்டில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து வைப்பது நல்லது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வாரத்திலேயே அதைச் சொருகி, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, புதியவற்றைச் சேர்த்துவிடலாம். மழை பிடிக்கும் காலமும் அதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. செப்டம்பரில் ஊராட்சிதோறும் ஒரு நாள், இ-சேவை மையத்திலோ பள்ளியிலோ ஒரு மேசை போடுங்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உட்காரட்டும். போன் உரிமையாளர் கையிலேயே இருக்க வேண்டும், பாஸ்வேர்டையும் ஓடிபியையும் மாணவர்கள் கேட்கவே கூடாது. போனில் பென் டிரைவை இணைக்கும் ஓடிஜி கேபிள் வழியாகப் படங்களை எப்படி மாற்றுவது, பேக்கப் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எங்கே பார்ப்பது, இந்த இரண்டைக் கற்றுக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மகளிர் குழுக் கூட்டங்களிலும் சொல்லுங்கள். வீட்டுப் படங்கள் பெரும்பாலும் பெண்களின் போனில்தான் இருக்கின்றன, கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இ-சேவை மையங்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் ஓர் அறிவுறுத்தல் கண்டிப்பாக வேண்டும். மக்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆதாரும் பாஸ்புக்கும் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரில் மாதக்கணக்கில் கிடக்கின்றன. வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லுங்கள். ஊராருக்கு நகல் எடுக்கச் சொல்லித் தரும் அதே நேரத்தில், அவர்களுக்கே தெரியாத நகல்கள் இப்படிக் கிடப்பது சரியில்லை.

வெள்ள அறிவிப்பில் இதையும் சேருங்கள்: நனைந்த போனை உடனே அணையுங்கள், காயாமல் சார்ஜ் போடாதீர்கள், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும் ரீசெட்டைப் போட யாரையும் விடாதீர்கள்.

இந்த ஆண்டு பேரிடர் ஒத்திகைக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்துக்கு எங்களைப் போன்ற சர்வீஸ் கடைக்காரர்களையும் கூப்பிடுங்கள். முகாம் நடக்கும் நாளில் கடையைப் பூட்டிவிட்டு நான் வருகிறேன், தெரிந்த கடைக்காரர்களையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்