ரத்தம் என்று சொல்லாதே

கண்ணு,

"நம்ம ஜனங்க ரத்தத்திலேயே ஒழுங்கு கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அப்புறம் பேச்சே இல்லை. வேலை அதிகம் போல. சரி.

என் பிள்ளை பொருளாதாரம் படித்தவன் என்று எல்லாரிடமும் பெருமை பேசுகிறவள் நான். அந்தப் பிள்ளையா ரத்தத்தைக் காரணம் சொல்வது? கொரியாவில் ஒரே மொழி, ஒரே மூதாதையர். 1945-இல் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். அப்போது பெரிய ஆலைகளெல்லாம் வடக்கில்தான். 1948 வரை தெற்குக்கு மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. இன்று எந்தப் பக்கம் இருட்டு என்று உனக்குத் தெரியும். ரத்தமா மாறியது? ஆட்சியும் சட்டமும்தானே மாறின?

"அப்ப சட்டம் போட்டா போதுமா?" என்பாய், உன் அப்பா மாதிரியே. போதாதுதான். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா 1966-இல் விடுதலை அடைந்தபோது அந்த நாடு முழுக்கத் தார்ச்சாலை 12 கிலோமீட்டர். அடுத்த வருஷமே வைரம் கிடைத்தது. அதே ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்ற நாட்டில் வைரம் உள்நாட்டுப் போருக்குத் தீனி போட்டது. போட்ஸ்வானாவிலோ முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் அரசு, கனிம உரிமை எந்தக் குலத்துக்கும் இல்லை, நாட்டுக்குத்தான் என்று சட்டம் செய்தது. வைரம் இருந்ததோ அவருடைய குலத்து நிலத்திலேயே! அது நிலைத்ததற்கு அங்கே பழைய காலத்திலிருந்தே இருந்த 'கோட்லா' என்ற சபை வழக்கமும் ஒரு காரணம் என்பார்கள். தலைவரின் முகத்துக்கு நேராகவே குறை சொல்லலாம். பெண்களுக்கு அதில் வெகுகாலம் இடமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கேள்வி கேட்டுப் பழகிய ஜனம் இருந்தால்தான் சட்டத்துக்குக் கால் ஊன்றும்.

வரிசையில் நின்றால் வேலை நடக்கும் என்று தெரிந்தால் யாரும் நிற்பார்கள். முந்துகிறவனுக்குத்தான் கிடைக்கும் என்றால் நீயும் முந்துவாய், நானும் முந்துவேன். பல வருஷம் அப்படியே போனால் அதற்குக் குணம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். ரத்தம் என்று மட்டும் சொல்லாதே.

அப்படிச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் எதுவும் செய்ய வேண்டாம். திரும்பி வரவும் வேண்டாம். வா என்று நான் கேட்கவில்லை. அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டாயா என்றும் கேட்கவில்லை. அக்கா ஏதோ சொன்னாள், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. திட்ட மாட்டேன்.

அம்மா