பழைய எம்.பி. வீட்டுக்குச் சீமெந்து பூசாதீர்கள்: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களே, உறுப்பினர்களே,

முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் இருந்த கல்வீட்டை நினைவு இல்லமாக்க உங்கள் சபை தீர்மானித்தால், மதிப்பீட்டில் சீமெந்துப் பூச்சையும் எமல்சன் பெயின்ற்றையும் சேர்க்கவேண்டாம். இதைக் கேட்கவே இம்மடல். 1981 மே 31இல் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாண உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும் எரிக்கப்பட்டது, பொது நூலகமும் எரிக்கப்பட்டது. பிறகு வந்த போர் வன்னியில் கூரை ஓடுகளையும் கதவு நிலைகளையும்கூட விட்டுவைக்கவில்லை. எஞ்சி நிற்கும் ஒன்றிரண்டு சுவர்கள் திருத்த வேலையாலேயே அழிந்துபோவது பெருங்கொடுமை.

முதலில் வீட்டின் வரலாற்றைத் தேடுங்கள். வாசற் பலகையில் ‘வன்னி மாவட்ட எம்.பி.’ என்று எழுதுமுன் ஆண்டைப் பாருங்கள். 1947இல் இருந்தது வவுனியாத் தொகுதி. உரும்பிராயில் பிறந்த செ. சுந்தரலிங்கம் அதன் முதல் உறுப்பினர். கிளிநொச்சித் தொகுதிக்கு முதல் தேர்தல் 1960இல், முல்லைத்தீவுத் தொகுதிக்கு 1977இல். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1989இல்தான். கிளிநொச்சி இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

காணி உறுதியில் எம்.பி.யின் பெயர் இல்லையென்று தேடலை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் வழமையில் வீடு பெரும்பாலும் சீதனமாக வந்தது. மனைவியின் பெயரிலும் அவர் தாயின் பெயரிலும் பாருங்கள். வாடகை வீடாகவும் இருக்கலாம். சென்னையில் இன்று நினைவு இல்லமாக இருக்கும் காமராசரின் வீடு, அவர் வாடகைக்கு இருந்த வீடுதான். முல்லைத்தீவு மாவட்டம் 1978இலும் கிளிநொச்சி மாவட்டம் 1984இலும் பிரிக்கப்பட்டவை. ஆகவே பழைய பதிவுகளுக்கு வவுனியா, யாழ்ப்பாணக் காணிப் பதிவகங்களிலும் கேட்கவேண்டும். தொல்பொருட் கட்டளைச் சட்டம் காத்துவிடும் என்றும் இருக்கவேண்டாம். அது 1815 மார்ச் 2ஐ எல்லைத் திகதியாகக் கொண்டது. பிந்திய வீட்டுக்கு வர்த்தமானி அறிவித்தல் வேண்டும்.

வளவுக்குள் ஆள் இறங்குமுன் கண்ணிவெடி அகற்றிய சான்றைக் கையில் வாங்குங்கள். கிணற்றையும் சேர்த்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். அடுத்தது பதுங்குகுழி. சுவரோரம் வெட்டி, பனங்குற்றி அடுக்கி மூடிய குழியில் குற்றி உக்கியதும் மேல்மண் உள்ளிறங்கும். பக்கத்து அத்திவாரமும் சரியும். சுவரில் மேலே அகன்று கீழே ஒடுங்கிய வெடிப்பைக் கண்டால், பூசி மறைக்காமல் அந்தப் பக்க நிலத்தைக் கம்பியால் குத்திப் பாருங்கள். குழி இருந்தால் உக்கிய மரத்தை எடுத்துவிட்டு, 15 சென்ரிமீற்றர் தடிப்பாகக் கிரவல் போட்டு, ஒவ்வொரு படையையும் நனைத்து இடித்து நிரப்பவேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் அடுத்த மாரியில் மீண்டும் இறங்கும்.

இனிச் சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். உப்பு பூச்சின் பின்னால் பளிங்காகிக் கல்லைப் பொடியாக்கும். நாலைந்து மாரிக்குப் பிறகு பூச்சு பாளமாக விழும்போது கல்லின் முகமும் அதோடு போகும். முன்பே பூசியிருந்தால் உளியால் ஓரத்திலிருந்து மெல்லக் கழற்றுங்கள். மின் சுத்தியல் வேண்டாம்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் போடவேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். குறைந்தது மூன்று மாதம் தண்ணீருக்கு அடியிலேயே ஊறட்டும். நீறாத கட்டி கலந்தால் பூசிய பிறகு அது பொருமி, பூச்சில் குழி விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடற்கரை மணலில் உப்பு இருக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒரு படை 10 மில்லிமீற்றர் போதும். அது இறுகிய பின்பே அடுத்தது. சோளகக் காற்று அடிக்கும் நாளில் பூச்சு ஒரு பகலில் காய்ந்து மாவாகிவிடும். நனைத்த சாக்கை ஒரு கிழமை தொங்கவிடுங்கள்.

கூரையில் பீலி ஓடு மிஞ்சியிருந்தால் எண்ணி அடுக்குங்கள். நல்ல பழைய ஓடுகளை முன்பக்கத்துக்கும் புதியவற்றைப் பின்பக்கத்துக்கும் போட்டால் வீட்டின் முகம் மாறாது. கூரையைத் தாங்கும் பனை மரத்தில் சுவருக்குள் இருக்கும் முனைதான் முதலில் உக்கும். முழு மரத்தையும் மாற்றாமல், உக்கிய முனையை வெட்டி வைரமான துண்டைப் பொருத்தலாம். முனையைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் காற்றிடைவெளி விடுங்கள். ஷெல் துளைத்த சுவர் ஒன்றையாவது நிரப்பாமல் விடுமாறு கேட்கிறோம். ஓரங்களில் மட்டும் தண்ணீர் வழிந்தோடச் சுண்ணாம்பால் சரிவு கொடுத்தால் போதும். அந்த வடுவும் வீட்டின் வரலாறுதான்.

அலமாரியில் மனுக்களும் கடிதங்களும் கிடைத்தால் லமினேற் பண்ணவேண்டாம், செலோரேப் ஒட்டவேண்டாம். ஊசி, கிளிப்புகளைக் கழற்றி, 300 டிபிஐயில் ஸ்கான் செய்து, நிலத்திலிருந்து உயர்த்திய இரும்புத் தட்டில் வையுங்கள். காணிக்கும் வேலைக்கும் கெஞ்சி எழுதியவர்களின் பிள்ளைகள் இதே ஊரில் வாழ்கிறார்கள். அவர்களுடைய கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்குமுன் பெயரை மறையுங்கள்.

பூச்சு வேலை வைகாசியில் தொடங்கவேண்டுமென்றால் சுண்ணாம்புக் குழி மாசியிலேயே வெட்டப்பட்டிருக்கவேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கூரை மூடியாகவேண்டும். திறப்பு விழாத் திகதியை அதற்குப் பிறகு குறியுங்கள்.

இப்படிக்கு,
சுண்ணாம்பு வேலை, மரவேலை, ஆவணத் தேடல் செய்யும் வன்னி மக்கள் சிலர்