கேமராவை மாட்டினால் மட்டும் போதாது, நடந்தும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள்ளிருந்து பொதுத் தாழ்வாரத்தைப் பார்க்கும் கண்காணிப்புக் கேமராவை 2023 மே மாதம் முதல் முன் அனுமதி பெறாமலேயே பொருத்தலாம். வீட்டுக்கு வெளியே, பொது இடத்தில் மாட்டுவதற்குத்தான் நகர மன்றத்தை நாடவேண்டும். இதனால் பல வீடுகளில் கேமரா வந்துவிட்டது. ஆனால் மாட்டுபவர்கள் படம் தெரிகிறதா என்று மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அசைவறியும் வசதியை யாரும் சரிப்படுத்தித் தருவதில்லை. கைப்பேசி ஓயாமல் ஒலிக்க, வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு அறிவிப்பையே அணைத்துவிடுகிறார். அதன்பின் கடன் முதலைகள் (உரிமமின்றிக் கடன் கொடுப்பவர்கள்) கதவில் சாயம் ஊற்றினாலும் விடிந்த பிறகுதான் தெரியும்.

விலை குறைந்த கேமராக்கள் பலவும் அடுத்தடுத்த படங்களுக்கு இடையே எத்தனை படப்புள்ளிகள் மாறின என்பதையே அசைவாகக் கொள்கின்றன. மின்தூக்கி திறந்து வெளிச்சம் விழுந்தாலும், எதிர் புளோக்கில் மூங்கில் கழியில் காயும் துணி ஆடினாலும், தொட்டிச் செடி அசைந்தாலும் அதற்கு ஒன்றுதான். எனவே முதலில் உணர்திறனைக் குறைக்காதீர்கள். கேமராவின் செயலியில், அசைவைக் கண்டறியும் பகுதியை வரையுங்கள். இரும்புக் கதவின் முன்பகுதியும், ஆள் நெருங்கிவரும் ஓரிரு மீட்டரும் அதற்குள் இருந்தால் போதும். வானம், செடி, எதிர் புளோக், மின்தூக்கி எல்லாம் வெளியே இருக்கட்டும். தீபாவளி நாள்களில் வாசலில் அகல்விளக்கு வைப்பவர்கள் அந்த மூலையை மட்டும் தற்காலிகமாக நீக்கிவிடலாம்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. அண்டை வீட்டுக் கதவைக் கண்டறியும் பகுதியிலிருந்து நீக்கினால் அங்கிருந்து அறிவிப்பு வராது, அவ்வளவுதான். காணொளியில் அது தொடர்ந்து பதிவாகும். அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ நோக்கிக் கேமரா இருக்கக்கூடாது என்பது விதி. முதலில் கேமராவைத் திருப்புங்கள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தெரிந்தால், அந்த இடத்தைக் கறுப்பாக மறைக்கும் தனியுரிமை மறைப்பைப் போடுங்கள்.

அடுத்துதான் உணர்திறன். 1 முதல் 100 வரை அளவு இருந்தால் 50இல் தொடங்குங்கள். சில கேமராக்களில் மாற்றம் எவ்வளவு பரப்பில் நிகழவேண்டும் என்பதற்குத் தனி அளவு இருக்கும். பூச்சியும் இலையும் தொல்லை செய்தால் அதை உயர்த்துவதே சரி. உணர்திறனை ஒரேயடியாகக் குறைத்தால் இருட்டில் மெதுவாக வருபவர் தப்பிவிடுவார். மனித உருவத்தை அறியும் வசதி இருந்தால் கட்டாயம் இயக்குங்கள். ஆனால் கூரையிலிருந்து நேர்க்கீழே பார்க்கும் கேமராவுக்கு உச்சந்தலை மட்டுமே தெரியும் என்பதால் அது மனிதரை அடையாளம் காணத் தடுமாறும். 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில், சற்றே சாய்த்துப் பொருத்தவேண்டும். கேமராவை நோக்கி நேராக நடந்துவருபவரால் படத்தில் மாற்றம் குறைவாகவே ஏற்படும். குறுக்கே கடப்பவர் உடனே சிக்குவார். கோணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

இரவில் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும். அதை அணைத்துவிடுங்கள், தாழ்வார விளக்கே போதும். கண்ணாடி இல்லாத இடத்தில் அந்த விளக்கு பூச்சிகளை ஈர்க்கும், சிலந்தியும் வலை பின்னும். வில்லைக்கு அருகில் ஆடும் ஒற்றை இழைகூடப் பெரிய உருவமாகத் தெரியும். அவ்வப்போது மென்துணியால் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மின்கலத்தில் இயங்கும் கேமராக்கள் பல, உடல் வெப்பத்தை உணர்ந்து விழித்துக்கொள்பவை. கண்ணாடிக்கு அப்பாலுள்ள வெப்பம் அவற்றுக்குத் தெரியாது. நம் ஊர்ப் பிற்பகல் வெயிலில் உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்ப வேறுபாடு குறைவதால் அவை எட்டும் தூரமும் குறையும். விழித்துப் பதிவைத் தொடங்குவதற்குள் ஆள் போயிருக்கவும் கூடும். மின்கம்பி இணைப்புள்ள கேமரா என்றால், அசைவுக்கு 5 வினாடி முன்னிருந்தே பதிவு தொடங்கும்படி அமைக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நினைவக அட்டை பற்றி ஒரு கணக்கு. வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்குச் சுமார் 21.6 ஜிபி ஆகும். 64 ஜிபி அட்டை மூன்று நாள்கூடத் தாங்காது, பழைய பதிவு அழிந்துவிடும். அசைவின்போது மட்டும் பதிந்தால் பல நாள்கள் வரும். திரும்பத் திரும்ப எழுதப்படுவதால் சாதாரண அட்டை விரைவில் தேயும். கண்காணிப்புக் கேமராவுக்கென்றே செய்த அட்டையைப் போடுங்கள்.

கேமராவோடு வந்த மறைச்சொல்லை அன்றே மாற்றுவது அவசியம். இணையப் பாதுகாப்பு அமைப்பின் முத்திரை உள்ள கேமராவா என்றும் பாருங்கள். அதில் நான்கு நிலைகள் உண்டு.

கேமரா பொருத்துவோருக்கு என் வேண்டுகோள் இதுதான். பணம் வாங்குமுன், வீட்டுக்காரரைக் கைப்பேசியோடு உள்ளே உட்காரவைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் மூன்று முறை நடந்து காட்டுங்கள்: இயல்பாக ஒருமுறை, மெதுவாக ஒருமுறை, சுவரை ஒட்டி ஒருமுறை. இருட்டிய பிறகு அதையே எப்படிச் செய்து பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுங்கள். தனியாக வசிக்கும் முதியவர்களுக்குத் தமிழிலேயே விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
கேமரா பொருத்துநர், ஈசூன்