பயிற்சியையும் எங்களுக்குக் காட்டுங்கள்

சர்க்கஸ் கூடாரங்களிலும் கடல் பூங்காக்களிலும் விலங்குகளை வைத்துக் காட்சி நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். சின்ன வயதில் நானும் உங்கள் பார்வையாளர்தான். முக்காலியில் ஏறி முன்கால்களைத் தூக்கிய யானைக்குக் கை வலிக்க வலிக்கத் தட்டியிருக்கிறேன். காட்சி முடிந்து கூட்டம் கலையும்போது, கூடாரத்தின் பின்பக்கம் அதே யானையைப் பார்த்தேன். ஒரு முன்காலிலும் ஒரு பின்காலிலும் சங்கிலி. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நின்றது. "பாட்டுக்கு ஆடுது பார்" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பாட்டு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அது ஆட்டமில்லை என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. கட்டிப்போட்ட யானை தலையாட்டுவதும், கூண்டுப் புலி ஒரே தடத்தில் நடந்து நடந்து திரும்புவதும் ஒன்றுதான். போக வழியில்லாத உடம்பு செய்கிற வேலை அது.

அன்பாகத்தான் பழக்குகிறோம் என்கிறீர்கள். சரி. அப்படியானால் காட்சியை மட்டும் ஏன் காட்டுகிறீர்கள்? குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கிற நாளுக்கும், அதை முதன்முதலில் முக்காலியில் ஏற்றுகிற நாளுக்கும் டிக்கெட் போடுங்கள். கயிறு எங்கே கட்டப்படுகிறது, அங்குசத்தின் கொக்கி காதுக்குப் பின்னால் அந்த மெல்லிய தோலில் எப்படிப் படுகிறது என்று குழந்தைகளும் பார்க்கட்டும். மேடையில் அங்குசம் யானைமேல் படுவதே அரிது. கையில் இருந்தாலே போதும், யானைக்கு நினைவிருக்கிறது.

உங்களில் பலருக்கு விலங்குகள்மேல் உண்மையான பாசம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசத்தால் தொட்டியைக் கடலாக்க முடியவில்லையே. டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கடல்விலங்கு ஓர்கா. திலிக்கும் என்ற ஆண் ஓர்காவை 1983-இல் ஐஸ்லாந்துக் கடலில் பிடித்தபோது அதற்கு இரண்டு வயது இருக்கும். ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தக்கூடிய இனம் அது. 2017-இல் சாகும்வரை தொட்டிகளிலேயே கிடந்தது. அதன் முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியதை எல்லாப் படங்களிலும் பார்க்கலாம். மூன்று மனிதர்களின் சாவில் அதற்குத் தொடர்பு இருந்தது. 2010-இல் இறந்தவர் அதை நேசித்த, அனுபவமுள்ள பயிற்சியாளர். அவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த ஓர்காவையும்.

கூண்டைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கேக்கோவின் கதையை நீங்களும் அறிவீர்கள். 1979-இல் குட்டியாகப் பிடிபட்ட ஓர்கா அது. கடல் வாழ்க்கைக்கு வருடக்கணக்கில் பழக்கி 2002-இல் கடலில் விட்டார்கள். அது நீந்தி நார்வேக் கரைக்குப் போய் மனிதர்களைத் தேடியது. அடுத்த வருடமே இறந்துபோனது. தன் இனத்தோடு வாழ்வது எப்படி என்பதையே நாம் அதனிடமிருந்து பறித்துவிட்டோம். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன்: உங்களிடம் இப்போது இருக்கிற விலங்குகளைக் கடைசிவரை பராமரியுங்கள், ஆனால் வித்தை காட்ட வைக்காதீர்கள். புதிதாகப் பிடிக்கவோ, காட்சிக்காகக் குட்டி ஈன வைக்கவோ வேண்டாம். முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. அமெரிக்காவின் கடல் பூங்கா நிறுவனமான சீ வேர்ல்ட் 2016-இல் ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்தியது. பொலிவியா 2009-இல் சர்க்கஸில் எல்லா விலங்குகளுக்கும் தடை போட்டது. 2011-இல் அங்கிருந்து 25 சிங்கங்கள் விமானத்தில் அமெரிக்காவிலுள்ள சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

தொழிலாளர்களின் பிழைப்பு என்னாவது என்று கேட்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஜெர்மனியின் ரொன்காலி சர்க்கஸ் உயிருள்ள யானைக்குப் பதிலாக ஒளியால் ஆன யானை உருவத்தைக் காட்டிக் கூட்டம் சேர்த்திருக்கிறது. 2017-இல் மூடப்பட்ட அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் 2023-இல் விலங்குகளே இல்லாமல் திரும்பி வந்தது. கம்பியில் நடக்கிறவரும் ஊஞ்சலில் பாய்கிறவரும் தாங்களாக விரும்பி ஏறுகிறார்கள், வேண்டாமென்றால் இறங்கிவிடவும் அவர்களால் முடியும். அவர்களுக்காக நான் இன்றைக்கும் டிக்கெட் வாங்குவேன்.

அடுத்த காட்சிக்காக எங்கேனும் ஒரு குட்டிக்குக் கயிறு தயாராகிறதென்றால், அதை இன்றைக்கே நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பார்வையாளர்