மடக்கும் முன் கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு இயன்முறை மருத்துவர்களின் திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தமிழ்நாடு அரசு.

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

முழங்கால் மாற்று அறுவை முடிந்த வயதான அம்மா ஒருவரின் காலை இரண்டு பேர் சேர்ந்து மடக்கும் காணொளி சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒருவர் தொடையை அமுக்கிப் பிடித்திருக்கிறார். மற்றவர் கணுக்காலைப் பிடித்துத் தள்ளுகிறார். "போதும் தம்பி, விட்டுடு" என்று அந்த அம்மா அலறுவது பின்னணிப் பாட்டையும் மீறிக் கேட்கிறது. கீழே '90 டிகிரி வந்தாச்சு' என்று ஒரு வரி, இரண்டு கைதட்டல் பொம்மைகள். தங்கள் பார்வைக்கும் வந்திருக்கும்.

அந்த இருவர் மேல் நடவடிக்கை கேட்டு இதை எழுதவில்லை. அவர்கள் எந்தப் படிவத்தில் சம்மதம் வாங்காமல் விட்டார்கள் என்று விசாரிக்கப் போனால், காட்டுவதற்கு ஒரு படிவமே பெரும்பாலான மையங்களில் இருக்காது. அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இயன்முறை சிகிச்சைக்கென்று (பிசியோதெரபி) தனியாக, தமிழில், ஒரு பக்க ஒப்புதல் படிவம் வேண்டும். நோயாளி 'நிறுத்து' என்றால் அந்த நொடியே கையை எடுத்தாக வேண்டும் என்பது எழுத்துமூல ஆணையாக வர வேண்டும். அரசு மருத்துவமனை, தனியார் மையம், வீட்டுக்கே சென்று செய்யும் சிகிச்சை, மூன்றுக்கும் இது பொருந்த வேண்டும்.

அந்த முழங்காலுக்கே வருவோம். அறுவை முடிந்த மூட்டு மடங்காமல் இருப்பதை நோயாளியின் பிடிவாதம் என்று நினைக்கும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு. மூட்டுக்குள் ரத்தமும் நீரும் கோத்து வீங்கியிருக்கிறது, தையல் போட்ட தோல் இழுபடுகிறது, வலிக்குப் பயந்து முன்தொடைத் தசை தானாகவே இறுகிக்கொள்கிறது. இறுகிய தசையை எதிர்த்துத் தள்ளினால் அன்றைக்குப் பத்து டிகிரி கூடுதலாகத் தெரியலாம். இரவில் வீக்கம் ஏறிவிட்டால் மறுநாள் காலை அளவு முந்தைய நாளைவிடக் குறைந்துதான் இருக்கும். தையல் பிரியலாம். முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநார் அறுந்துபோகலாம். எலும்பு வலுவிழந்த மூதாட்டிகளுக்குச் செயற்கை மூட்டை ஒட்டிய எலும்பே முறியலாம்.

செய்ய வேண்டிய முறை எல்லா இயன்முறை மருத்துவருக்கும் தெரிந்ததுதான். வலி மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துத் தொடங்குவது. ஐஸ் ஒத்தடம். படுத்தபடி குதிகாலை நோயாளியே மெல்ல இழுத்து மடக்குவது. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நல்ல காலால் அறுவை செய்த காலைப் பின்னுக்குத் தள்ளுவது. பத்துக்கு வலி எவ்வளவு என்று கேட்டு, போதும் என்று அவர் சொல்லும் இடத்தில் சில நொடி நிறுத்திவைப்பது. கடைசியில், மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியாமீட்டரின் மையத்தை மூட்டின் வெளிப்பக்கம் வைத்து, அந்தக் கருவியின் ஒரு கையைத் தொடையெலும்பின் மேல்முனைக்கும் மறு கையை வெளிக் கணுக்காலுக்கும் நேராக்கி அளந்து, கேஸ் ஷீட்டில் எழுதுவது. நாற்காலியிலிருந்து எழுவதற்கு 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். இரண்டு வாரத்தில் 90ஐத் தொடுவது பொதுவான இலக்கு. இரண்டாம் நாளே தொட வேண்டும் என்பது யாருடைய இலக்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் பில்லின் இலக்காக இருக்கலாம்.

வாரக்கணக்கில் பயிற்சி செய்தும் மடங்காத மூட்டை என்ன செய்வார்கள்? அறுவை சிகிச்சை நிபுணர் நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, தியேட்டரில் வைத்து மடக்குவார். அதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. எலும்பு முறியக்கூடும் என்று அதில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவார்கள். மயக்கம் கொடுத்து மடக்கக் கையெழுத்து வேண்டும், முழு நினைவோடு அலறும்போது மடக்க வாய்வார்த்தைச் சம்மதம்கூட வேண்டாம் என்பதுதான் இன்றைய நடைமுறை. இது தங்களுக்குச் சரியாகப் படுகிறதா?

"அட்மிஷன் போடும்போதே கையெழுத்து வாங்கிவிட்டோமே" என்று மருத்துவமனை நிர்வாகங்கள் சொல்லும். 'எல்லாச் சிகிச்சைக்கும் சம்மதிக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில், பணம் கட்டும் அவசரத்தில் மகன் போட்ட கையெழுத்து அது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. என்ன செய்யப்போகிறோம், எதற்காக, மாற்று வழி உண்டா, முக்கிய ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொன்ன பிறகு கிடைப்பதே சம்மதம். அந்தத் தீர்ப்பு அறுவை சிகிச்சை பற்றியது, எங்களுக்கு எதற்கு என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். கத்தி இல்லாவிட்டாலும் உடம்பு நோயாளியுடையதுதானே?

கரண்ட் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது போன்றவற்றில் என்ன ஆபத்து என்று நினைக்க வேண்டாம். சூட்டு ஒத்தடம் கொடுக்கும் ஹாட் பேக் ஊறும் தொட்டியின் நீர் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு சுற்றி வைத்து, ஐந்தாவது நிமிடம் தூக்கித் தோலைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவரிடம் "சூடு அதிகமா இருந்தா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டால், அவர் சொல்லப்போவதில்லை, கொப்புளம்தான் சொல்லும். வெந்நீரும் குளிர்நீரும் நிரப்பிய இரண்டு டெஸ்ட் டியூப்களை மாற்றி மாற்றி வைத்து உணர்ச்சியைச் சோதிக்காமல் வாங்கும் சம்மதத்துக்குப் பொருளே இல்லை. பேஸ்மேக்கர் இருக்கிறதா, கர்ப்பமா, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவரா என்ற கேள்விகளும் மெஷின் சுவிட்சைப் போடும் முன் கேட்க வேண்டியவை. தோள்பட்டைத் தசையில் ஊசி செருகும் டிரை நீடிலிங்கில், ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரல் உறையில் காற்றுப் புகலாம். அரிதுதான். அரிது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போயிற்று.

கழுத்துச் சொடக்கு தனிக் கதை. திடீரென்று கழுத்தைத் திருப்பும் கையாளலில், அபூர்வமாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம், திடீரென்று கீழே விழுவது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். இதையெல்லாம் கேட்க நேரமில்லாதவர்களுக்கு, வீடியோவில் சொடக்குச் சத்தம் துல்லியமாகப் பதிவாக நோயாளியின் சட்டைக் காலரில் மைக் மாட்ட மட்டும் நேரம் இருக்கிறது.

நாங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா கூடாதா என்ற சண்டையில் 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் கூடாது என்று ஒரு கடிதம் எழுதி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. எங்கள் சங்கங்கள் அன்று காட்டிய வேகத்தை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு ஒப்புதல் படிவத்துக்குக் கிடைத்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது. இருபது சிட்டிங் பேக்கேஜுக்கு முதல் நாளே முழுப் பணம் வாங்கிவிட்டு, மூன்றாம் நாள் வேண்டாம் என்பவரிடம் "கட்டின காசு வராது" என்று சொல்வதும் சம்மதத்தைப் பறிப்பதுதான். மன்னிக்கவும், கோரிக்கையை விட்டு விலகிப் போகிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே போகிறது. நல்ல திட்டம், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சம்மதம் கேட்பது மிகக் கடினமான இடமும் அதுவே. பக்கவாதத்தில் பேச்சு இழந்தவர் கட்டிலில் இருப்பார், "நீங்க பண்ணுங்க சார், அப்படித்தான் கத்துவாரு" என்று மகன் சொல்வார். பேச முடியாதவருக்குப் புரியாது என்று முடிவுகட்டக் கூடாது. நல்ல கையைத் தூக்கினால் நிறுத்துகிறோம் என்று முதலிலேயே சொல்லி, ஒருமுறை தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். தளர்ந்த தோளைத் தலைக்கு மேல் இழுத்தால் மூட்டுக்குக் கேடு. அந்தக் கத்தல் பெரும்பாலும் நியாயமான கத்தல்.

பெண் நோயாளிகளைப் பற்றித் தாங்களே அறிவீர்கள். ஆண் சிகிச்சையாளர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கக் கேட்கும் உரிமை, தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகளை உட்பரிசோதனை செய்வதற்குத் தனிச் சம்மதமும் மூடிய அறையும் வேண்டும். துணி விலக்குவதற்கு முன் எந்த இடம் வரை விலக்குவோம் என்று சொல்ல வேண்டும். பயிற்சி மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பதற்கும் இதே விதிதான்.

படிவத்தில் நிறைய வேண்டாம். செய்யப்போவது என்ன, எத்தனை நாள், எவ்வளவு வலி இருக்கும், முக்கிய ஆபத்து, மாற்று வழி, நிறுத்தச் சொல்லும் சைகை. இவ்வளவு போதும். கழுத்துக் கையாளல், ஊசி, உட்பரிசோதனை, வீடியோ எடுப்பது ஆகிய நான்குக்கும் தனித்தனிக் கட்டங்கள், தனித்தனிக் கையெழுத்து. வீடியோவுக்கு மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்ற வரி தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, மருத்துவமனையைச் சேராத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். சிகிச்சை முறை மாறும் நாளில் மறுபடி கேட்டு, 'சொன்னேன், சம்மதித்தார்' என்று கேஸ் ஷீட்டில் நேரத்தோடு ஒரு வரி. ஓபியில் கூட்டம் என்பார்கள். முதல் நாள் மதிப்பீட்டில் ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

சட்டத்துக்கும் குறைவில்லை. இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இலேயே வந்துவிட்டது. தொழில் நடத்தை, நன்னெறி விதிகளை மாநில அளவில் அமல்படுத்தும் பொறுப்பை மாநில மன்றத்துக்கு அது தருகிறது. புதுச் சட்டம் கேட்கவில்லை ஐயா, ஒரு சுற்றறிக்கைதான் கேட்கிறோம்.

ஆகவே, தமிழில் ஒரு பக்க ஒப்புதல் படிவத்தையும், 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும் என்ற ஆணையையும் அனைத்து இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளுக்கும் மையங்களுக்கும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மாதிரிப் படிவம் எங்களிடம் தயாராக இருக்கிறது. துறையில் எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் மறுநாளே வந்துசேரும்.

இப்படிக்கு,
தமிழகத்தின் பல ஊர்களில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள்