கரும்பு வயலில் கிடைக்கும் காட்டுப்பூனைக் குட்டிகளைத் தாயிடம் சேர்க்க வழிகாட்டுதல் கோரும் மனு

அனுப்புநர்:
கரும்பு விவசாயி,
ஒடுகத்தூர் அஞ்சல், அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
வேலூர் வனக்கோட்டம், வேலூர்.

பொருள்: கரும்பு வெட்டின்போது காணப்படும் காட்டுப்பூனைக் குட்டிகளை அப்புறப்படுத்தாமல் தாயுடன் சேரவிடுதல் – வழிகாட்டுதல் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜவ்வாது மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கரில் கரும்பு பயிரிட்டு வருகிறேன். கடந்த அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு கிடைத்து ஆட்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது, வயலின் நடுவே காய்ந்த தோகைக்குள், கண் திறந்து சில நாட்களே ஆன மூன்று குட்டிகள் கிடந்தன. உடலில் வரிகள் தெரிந்ததால் சிறுத்தைக் குட்டிகள் என்று அஞ்சி ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துச் சிறுத்தை நடமாட்டச் செய்திகளைக் கேட்டுவரும் அவர்களது அச்சத்தில் தவறில்லை. தகவல் கொடுத்தோம், வந்தவர்கள் குட்டிகளை அட்டைப்பெட்டியில் எடுத்துச் சென்றார்கள். அன்றிரவும் மறுநாள் இரவும் தாய்ப்பூனை வெட்டிய நிலத்தின் வரப்பில் நின்று கத்தியதை பம்ப்செட் கொட்டகையில் படுத்தபடி கேட்டேன். பால்குடி மாறாத அக்குட்டிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. யார்மீதும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று எனக்கும் விவரம் தெரியாது.

காட்டுப்பூனை அடர்காட்டைவிட ஏரிக்கரை நாணலையும் புதரையும் கரும்பையுமே அதிகம் நாடுகிறது. அதன் குட்டிகளுக்குப் பிறவியில் இருக்கும் வரிகள் வளர வளர மங்கிவிடும். வாலும் சிறுத்தைக் குட்டியின் வாலைவிடக் குட்டையானது. இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடம் கொண்டுபோய்விடும். அதற்கு வேண்டியது ஆள் அரவமற்ற ஓர் இரவுதான். மேற்கு மகாராட்டிரத்தின் கரும்பு வயல்களில் கிடைக்கும் சிறுத்தைக் குட்டிகளையும் சிறு பூனைக் குட்டிகளையும் வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும் கண்டெடுத்த இடத்திலேயே வைத்துத் தாயிடம் சேர்த்து வருகிறார்கள்.

நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலிகள் வரை தின்னும் இப்பூனை, அடிக்கரும்பை எலி கடித்து நட்டப்படும் எங்களுக்குச் சம்பளமில்லாத காவலாள். அதைவிடச் சிறியது துரும்பன் பூனை. முழுதாக வளர்ந்தாலும் 1.6 கிலோவைத் தாண்டாத அதை, குட்டியென்று எண்ணி யாரும் பிடித்துவிடக்கூடும். அது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. பிடிப்பதையும் வேட்டையாகவே கொள்ளும் அச்சட்டம், இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கிச் செல்பவரையும் சிக்கலில் மாட்டிவிடும் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது.

ஆகவே, குட்டிகளை எப்படி அடையாளம் காண்பது, கண்டால் யாரை அழைப்பது என்பவற்றைப் படத்துடன் விளக்கும் ஒருபக்கத் தமிழ்க் குறிப்பை, சர்க்கரை ஆலைகளின் கரும்புக் களப்பணியாளர்கள் வழியாக, வெட்டு உத்தரவுடன் சேர்த்தே விவசாயிகளுக்கும் வெட்டும் குழுக்களுக்கும் கிடைக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன். குட்டிகள் தென்பட்டால், சிறுத்தையா பூனையா என்பதை வனக்காப்பாளர் நேரில் வந்து உறுதிசெய்யும் வரை யாரும் அவற்றைத் தொடாமல் விலகியிருக்கவும், பூனையென்று உறுதியானபின் அவற்றைச் சுற்றிச் சில பாத்திகளை ஓரிரு இரவுகள் வெட்டாமல் விடவும், நாய்களைக் கட்டிவைக்கவும் அறிவுறுத்த வேண்டும். காயம்பட்ட குட்டிகளையும் தாய் திரும்பி வராத குட்டிகளையும் மட்டுமே மருத்துவர் பொறுப்பில் எடுக்கலாம். தோகை கொளுத்துவதற்கு முன் வயலை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதையும் அக்குறிப்பில் சேர்க்கக் கோருகிறேன். தீயில் அகப்பட்ட குட்டிகளுக்கு எந்த வழிகாட்டுதலும் உதவாது.

நான்கு பாத்தி இரண்டு நாள் தாமதமானால் எங்களுக்குப் பெரிய இழப்பில்லை. தங்கள் அலுவலர்கள் வெட்டும் ஆட்களுக்குச் செயல்முறை விளக்கம் தர முன்வந்தால் என் வயலையே அதற்குத் தருகிறேன். இவ்வாண்டு அரவை தொடங்குமுன் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: ஒடுகத்தூர்