லெம்மி படம் பார்த்தேன்டா

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் பாதிக் காரணம், மீதி என் இடது காது. ராத்திரி வீடு அடங்கியதும் உள்ளே ஒரு சில்வண்டு கத்த ஆரம்பித்துவிடுகிறது. "சின்ன வயசுல ரொம்பச் சத்தமான இடத்துல வேலை பார்த்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். வேலை இல்லை சார், எதிர் ரூமில் செந்தில் என்று ஒருத்தன் இருந்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அனுப்பியவரின் பேச்சை மதித்து, போன சனிக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'லெம்மி' பார்த்தேன். மோட்டர்ஹெட் என்ற ராக் குழுவின் பாடகர், பேஸ் கிடார்காரர் லெம்மியைப் பற்றி 2010-ல் வந்த ஆவணப்படம், க்ரெக் ஆலிவர், வெஸ் ஓர்ஷோஸ்கி இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது. அவ்வளவு பெரிய ஆள், மோட்டர்ஹெட்டை 1975-ல் ஆரம்பித்துச் சாகும்வரை இழுத்துக்கொண்டு போனவர், லாஸ் ஏஞ்சலஸில் குடியிருந்தது நம் பேச்சிலர் ரூமை விடக் கொஞ்சம் பெரிய வாடகை வீடு. தரை முதல் கூரை வரை சாமான், நடக்க வழி இல்லை. இந்த ரூமில் உங்களுக்கு ரொம்ப மதிப்பான பொருள் எது என்று கேட்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனைக் காட்டுகிறார். அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்க்கணும் நீ! லெம்மியின் அப்பா, பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோதே விட்டுவிட்டுப் போனவர். அதையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. சரி, வயசாகிறது.

அந்த வீட்டுச் சாமான் குவியலில்தான் ஜெர்மன் ராணுவச் சாமான்களும் இருக்கின்றன, நாஜிக் காலத்துக் கத்தி, பதக்கம் என்று. பார்க்க அழகாக இருப்பதால் சேர்க்கிறேன், கொள்கை எல்லாம் இல்லை என்பது அவர் கட்சி. எனக்கு அது ஒப்பவில்லை. படம் அந்த இடத்தில் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்காமல் அடுத்த பிரபலத்திடம் ஓடிவிடுகிறது. மெட்டாலிகா குழு, பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், டேவ் க்ரோல் என்று ராக் உலகத்து ஆட்கள் வரிசையாக வந்து ஆளாளுக்குப் புகழ்கிறார்கள், பாதிக்கு மேல் நான் ஓட்டிவிட்டேன். அவர் ரெயின்போ பாரில் அந்த விளையாட்டு மெஷினைத் தட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதையும், கடைக்குப் போய் பீட்டில்ஸின் மோனோ பதிவுகள் மொத்தமும் அடங்கிய பெட்டி இருக்கிறதா என்று கேட்பதையும் காட்டுகிறார்களே, அதுதான் படம். பீட்டில்ஸைச் சின்னப் பையனாக லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் நேரில் பார்த்த மனுஷன். நாம் ஹெவி மெட்டல் என்று நோட்டு அட்டையில் எழுதித் திரிந்தோமே, அவரோ கடைசி வரை, நாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓஸி என்றதும் ஞாபகம் வருகிறது. 'மாமா, ஐ'ம் கமிங் ஹோம்' கேசட் அட்டையைப் பார்த்துவிட்டு யாருடா இவன் தாய்மாமன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்று சிரித்தோமே, அதற்கு வரிகள் எழுதியதில் லெம்மிக்கும் பங்கு உண்டு. 1991-ல் வந்த அந்த ஆல்பத்தில் நாலு பாட்டுக்கு எழுதிக் கிடைத்த காசு, மோட்டர்ஹெட்டில் பதினைந்து வருஷம் கத்திச் சம்பாதித்ததை விட அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

உனக்கு எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்காக. அவர் பேஸ் கிடாருக்கு வந்த கதை உனக்குத் தெரியுமா? 1971-ல் ஹாக்விண்ட் குழுவில் சேரும்போது அவர் கிடார் ஆள். அன்றைக்கு பேஸ் வாசிக்க வேண்டியவன் வரவில்லை, ஆனால் வாத்தியத்தை வேனிலேயே விட்டிருந்தான். எடுத்து மாட்டிக்கொண்டு மேடை ஏறியவர்தான். விரல் பழக்கம் போகவில்லை, ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்க வேண்டிய பேஸிலும் ரிதம் கிடார் போல இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்துக் கார்டு (chord) கார்டாக அடித்தார். அவருடைய ரிக்கன்பேக்கர் பேஸிலிருந்து வரும் கரகரப்பு அதுதான். நீ அப்படித் தப்பாக வாசிக்கிறாய் என்று சொல்லித்தானே காலேஜ் பேண்டிலிருந்து உன்னை நிறுத்தினோம்? முதலில் கை தூக்கியவன் நான். இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்கிறேன், திட்டுவதாக இருந்தால் போனில் திட்டு, வலது காதில் வைத்துக் கேட்கிறேன்.

படம் வந்தபின் அவர் ஐந்து வருஷம்தான் இருந்தார். 2015 டிசம்பர் 11-ல் பெர்லினில் கடைசிக் கச்சேரி, 24-ஆம் தேதி எழுபது முடிந்தது, 28-ல் போய்விட்டார். புற்றுநோய் என்று தெரிந்தது அதற்கு இரண்டு நாள் முன்புதான். மேடையில் மைக்கைத் தலைக்கு மேலே வைத்து, அண்ணாந்து பாடுவாரே, படத்தில் அதைப் பக்கவாட்டில் பார்த்தபோது கழுத்து வலிக்காதா என்றுதான் முதலில் தோன்றியது. நமக்கு இப்போதெல்லாம் தோன்றுவது இப்படித்தான்.

அப்புறம், உன் பேஸ் இன்னும் பரண் மேலேதானே கிடக்கிறது? பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. கம்பி துருப்பிடித்திருந்தால் இங்கே மாற்றிக்கொள்ளலாம். காதுக்குப் பஞ்சு நான் வாங்கி வைக்கிறேன்.

உன்,
முரளி